பெரியப்பாவின் இத்தாலோ டிஸ்கோ தொகுப்புகள் அசலா, நகலா?

நீங்கள் எழுதியிருப்பதை நான் விளங்கிக்கொண்ட வரையில் கேள்வி இதுதான். 1985-இல் ஜேர்மனிக்கு அகதியாக வந்து, சென்ற வருடம் காலமான உங்கள் பெரியப்பா ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுச் சென்றிருக்கிறார். அதற்குள், எண்பதுகளில் இத்தாலியில் உருவான இலத்திரனியல் நடன இசையைத் தொகுத்த 'த பெஸ்ட் ஒஃப் இத்தாலோ டிஸ்கோ' என்ற வரிசையின் ஐந்து இரட்டைத் தட்டுகளும், 'இத்தாலோ பூட் மிக்ஸ்' என்று அச்சிட்ட இரண்டு தனித்தட்டுகளும், அவர் கையால் பெயரெழுதிய சில ஒலிநாடாக்களும் இருக்கின்றன. அதே பாட்டுகளை இணையத்தில் தேடிக் கேட்டபோது நீளம் வேறாக இருக்கிறது; ஒன்றிரண்டில் குரலே வேறாகத் தோன்றுகிறது. தொகுப்புத் தட்டு என்பதே மலிவுச் சரக்கு, அசல் என்றால் அது தனிப்பாட்டுத் தட்டுதான் என்று உங்கள் நண்பர் சொல்கிறார். ஆகவே இவற்றை வைத்திருப்பதா, கொடுத்துவிட்டுப் புதிய இறுவட்டுகளை வாங்குவதா என்று கேட்கிறீர்கள். விலையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால், பெரியப்பா அந்த ஆண்டுகளில் கேட்டது உண்மையான பாட்டைத்தானா என்பதுதான் உங்களை உறுத்துகிற கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கே முதலிடம் கொடுத்துப் பதில் சொல்கிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய இசைத்தட்டுகளைத் தரம் பிரித்து விலை போடும் கடையில் வேலை செய்தவன். இப்போது தட்டுகளையும் நாடாக்களையும் கணினிக் கோப்புகளாக மாற்றிக் கொடுக்கிறேன். எண்பதுகளின் சின்தசைசர் (இலத்திரனியல் முறையில் ஒலியை உருவாக்கும் விசைப்பலகை) நடன இசை எனக்குத் தொழிலாக மட்டும் இருந்ததில்லை. ஆனாலும் உங்கள் தட்டுகளை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. இந்த இசையின் வரலாற்றையும், தட்டு என்ற பொருளின் இயல்பையும் பற்றி நான் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பெட்டியில் இருக்கும் குறிப்பிட்ட தட்டின் நிலையைப் பற்றிச் சொல்வதை, நீங்களே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டிய ஊகமாகவே கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் நண்பரின் கூற்றை எடுத்துக்கொள்வோம். ரொக் இசையிலோ ஜாஸ் இசையிலோ அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒரு குழு ஒரு முழுத் தட்டைத் திட்டமிட்டுப் பதிவு செய்கிறது. அதிலிருந்து பிறர் ஒரு பாட்டை உருவி வேறு பாட்டுகளோடு சேர்த்து விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது முழுமையிலிருந்து பிய்த்த ஒரு துண்டு. இத்தாலோ டிஸ்கோவின் கதை அப்படியானதல்ல. அந்தப் பெயரே ஒரு தொகுப்புத் தட்டின் அட்டையிலிருந்துதான் பிறந்தது. பேர்ன்ஹார்ட் மிக்குல்ஸ்கி என்ற ஜேர்மானியர் 1971-இல் வெளிநாட்டு இசைத்தட்டுகளை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர், ஆங்கில அரிச்சுவடியின் கடைசி மூன்று எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிய இஸட்-வை-எக்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருந்த நடனத் தட்டுகளை ஒன்றாகக் கட்டி, 1983-இல் 'த பெஸ்ட் ஒஃப் இத்தாலோ டிஸ்கோ' என்ற முதல் தொகுதியை அவர் வெளியிட்டபோதுதான் அந்தச் சொல் மக்கள் வாய்க்கு வந்தது. இத்தாலியர்கள் தங்கள் இசையை அப்படி அழைக்கவில்லை. அவர்களுடைய அரச தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சியில் அதை 'இலத்திரனியல் ரொக்' என்ற பொருள்படும் சொல்லால்தான் அறிமுகப்படுத்தி வந்தார்கள். மிக்குல்ஸ்கியின் வரிசை 16 தொகுதிகள் வரை நீண்டு 1991-இல் முடிந்தது. ஆகவே உங்கள் பெரியப்பாவின் பெட்டியில் இருப்பவை, ஓர் இசை வகைக்குப் பெயர் சூட்டிய வரிசையின் தட்டுகள்.

இத்தாலியில் அந்த இசை எப்படி உருவானது என்பதைச் சற்று விரித்துச் சொன்னால்தான், அங்கே தொகுப்பு ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பது விளங்கும். 1979-இல் அமெரிக்காவில் டிஸ்கோ இசைக்கு எதிராகப் பெரும் வெறுப்பலை எழுந்தது; அந்த ஆண்டு ஜூலை 12 அன்று சிக்காகோவின் பேஸ்போல் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அமெரிக்க நிறுவனங்கள் அந்த இசையிலிருந்து கையை எடுத்தன. ஆனால் ஐரோப்பிய நடன அரங்குகள் மூடப்படவில்லை. ஒவ்வொரு வார இறுதியிலும் அவற்றுக்குப் புதிய தட்டு தேவைப்பட்டது. அந்த வெற்றிடத்தை இத்தாலியின் சிறு தயாரிப்பாளர்கள் நிரப்பினார்கள். பெரிய வாத்தியக் குழுவுக்கும் நரம்பிசைக் கலைஞர்களுக்கும் கொடுக்க அவர்களிடம் பணமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில்தான் கருவிகள் வந்து சேர்ந்தன: 1980-இல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.ஆர். 808 தாளப்பொறி, 1981-இல் அதே நிறுவனத்தின் ஜூப்பிட்டர் 8 சின்தசைசர், 1982-இல் லின்டிரம் தாளப்பொறி, 1983-இல் யமாஹாவின் டி.எக்ஸ். 7 சின்தசைசர், அதே ஆண்டில் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே கம்பியால் பேச வைத்த மிடி முறை. ஒரு தயாரிப்பாளர், ஒரு விசைப்பலகைக் கலைஞர், ஒரு பாடகர் என மூன்று பேர் சில நாட்களில் ஒரு பாட்டை முடித்துவிடலாம் என்ற நிலை வந்தது. அப்படிப் பிறந்த பாட்டு 12 அங்குலத் தட்டாக, பல வேளைகளில் சில ஆயிரம் படிகளில் மட்டும், ஏதோவொரு சிறு லேபிளின், அதாவது வெளியீட்டு நிறுவனத்தின், பெயரில் அச்சாகும். மிலானில் செவேரோ லொம்பார்தோனி நடத்திய டிஸ்கோமாஜிக் போன்ற விநியோகஸ்தர்கள் பல சிறு லேபிள்களின் தட்டுகளைச் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பினார்கள். அந்தத் தனித்தட்டுகள் நடன அரங்கில் தட்டுச் சுழற்றுபவரின் (டி.ஜே.யின்) பையில் இருந்தன. ஒரு சிறு ஜேர்மன் நகரத்துக் கடையில் சாதாரண வாடிக்கையாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது மிக்குல்ஸ்கியின் தொகுப்புதான். உழைத்த காசில் மாதம் ஒரு தட்டு வாங்கக்கூடிய ஓர் அகதி இளைஞருக்கு இந்த இசை வந்து சேரக்கூடிய வழி அதுவாகவே இருந்திருக்கும்.

அடுத்தது 'மலிவுச் சரக்கு' என்ற சொல். அந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதில் நியாயமும் உண்டு. கனடாவில் பிலிப் கைவ்ஸ் நடத்திய கே-டெல் நிறுவனம் 1966-இல் 25 கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி) பாடகர்களின் பாட்டுகளை ஒரே தட்டில் அடைத்துத் தொலைக்காட்சி விளம்பரத்தின் மூலம் விற்றது. எழுபதுகளில் அந்த முறை எங்கும் பரவியது. ஒரு பக்கத்தில் பத்துப் பாட்டு கொள்ள வேண்டும் என்பதற்காக முன்னிசையை வெட்டுவார்கள், இடைச் சரணத்தை வெட்டுவார்கள், முடிவதற்குள் ஒலியைக் குறைத்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கும் மேலாக, தட்டின் இயற்பியல் ஒன்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் பெட்டியிலுள்ள தட்டுகளை நீங்களே மதிப்பிட முடியும். இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் சத்தம் கூடினால் பள்ளத்தின் நெளிவு அகலமாகும்; தாழ்சுருதியின் நெளிவு எல்லாவற்றையும் விட அகலமானது. ஒரு பக்கம் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்குள் இருந்தால் அந்த நெளிவுக்கு இடம் இருக்கும். 28, 30 நிமிடங்களை அடைத்தால் வரிகளை நெருக்க வேண்டும். நெருக்கினால் சத்தத்தையும் தாழ்சுருதியையும் குறைத்தே வெட்ட வேண்டும். நடன இசையில் தாழ்சுருதியைக் குறைப்பது சோற்றில் உப்பைக் குறைப்பதைப் போன்றது.

இன்னொன்றும் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசியின் கீழ் ஒவ்வொரு வினாடியும் அரை மீற்றருக்குச் சற்று அதிகமான பள்ளம் ஓடுகிறது. உள் விளிம்பில் அது ஏறத்தாழ 21 சென்ரிமீற்றராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' ஒலிகள் பிசிறடிக்கும். 12 அங்குலத் தனித்தட்டு பெரும்பாலும் 45 சுற்றில் ஓடும். வெளி விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் என்பதால் இடமும் தாராளம். ஒலித்தரத்தில் தனித்தட்டுதான் மேல் என்று உங்கள் நண்பர் சொன்னால் அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் எல்லாத் தொகுப்பும் கே-டெல் வழியில் போகவில்லை. இங்கிலாந்தில் வேர்ஜின், ஈ.எம்.ஐ. ஆகிய இரண்டு நிறுவனங்களும் கைகோத்து 1983 நவம்பர் 28 அன்று வெளியிட்ட 'நவ்' வரிசையின் முதல் தொகுதி, 30 வெற்றிப் பாட்டுகளை இரண்டு தட்டுகளில் பரப்பியது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த மூலநாடாக்களைப் பிறருக்கு வாடகைக்கு விடாமல் தாங்களே தொகுத்ததால் அதன் தரம் உயர்ந்தது. ஆனாலும் அவை வானொலியில் ஒலித்த மூன்று, நான்கு நிமிட வடிவங்களே. அதே ஆண்டில், அதே நாட்டில், மோர்கன் கான் என்பவரின் ஸ்ட்ரீட் சவுண்ட்ஸ் நிறுவனம் 'எலெக்ட்ரோ' என்ற வரிசையைத் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான விலை கூடிய 12 அங்குலத் தட்டுகளின் பாட்டுகளை, ஒன்றோடொன்று கலந்து தொடராக, ஒரு தட்டின் விலைக்கு அது கொடுத்தது. எண்பதுகளின் நடன இசைத் தொகுப்புகளில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது எதுவென்று கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன்; பணமில்லாத இளைஞர்களுக்கு முழுப் பாட்டைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

மிக்குல்ஸ்கியின் இத்தாலோ வரிசையும் முழுப் பாட்டைக் கொடுக்கும் இந்த 'எலெக்ட்ரோ' வரிசையின் குணத்தைச் சேர்ந்தது. இரட்டைத் தட்டு, நான்கு பக்கங்கள், வானொலி வடிவத்தை அல்ல, ஜேர்மனியில் 'மாக்ஸி' என்று சொல்லும் நீண்ட நடன வடிவத்தைக் கொடுப்பதே அதன் நோக்கம். சில பாட்டுகள் அங்கும் சுருக்கப்பட்டிருக்கின்றன என்பதை நான் மறைக்கவில்லை. உங்கள் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகித லேபிளில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நிமிடக் கணக்கு அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு பாட்டு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடங்களுக்கு மேல் என்றால், பெரியப்பா கேட்டது நடன அரங்கில் ஒலித்த அதே வடிவத்தை அல்லது அதற்கு மிக நெருங்கிய ஒன்றை. ஒரு பக்கத்தில் ஆறு, ஏழு பாட்டு இருந்தால் அது வேறு தொகுப்பு. அதற்கு நான் இங்கே சொன்னது பொருந்தாது.

'பூட் மிக்ஸ்' தட்டுகள் இரண்டும் தனி இனம். அவற்றில் இருப்பது முழுப் பாட்டுகள் அல்ல. பல பாட்டுகளின் துண்டுகளை ஒரே தாளகதியில் ஒட்டிய மெகாமிக்ஸ். 1981-இல் நெதர்லாந்தின் யாப் எக்கர்மொண்ட், புகழ்பெற்ற பழைய பாட்டுகளைக் கூலிப் பாடகர்களைக் கொண்டு மறுபடி பாடவைத்து, கைதட்டல் தாளத்தின் மீது கோத்து 'ஸ்டார்ஸ் ஒன் 45' என்று வெளியிட்டு உலகெங்கும் விற்றார். அதற்கு அடுத்த தலைமுறை, மறுபடி பாடவைக்காமல் அசல் பதிவுகளையே நறுக்கி ஒட்டத் தொடங்கியது. 1985-இல் பார்சலோனாவின் மாக்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட 'மாக்ஸ் மிக்ஸ்' ஸ்பெயினில் இந்தக் கலையை ஒரு பெரும் மோகமாக்கியது. அதன் பாட்டுகளில் இத்தாலோ நிறைய உண்டு. கணினி இல்லாத காலத்தில் இதைச் செய்தவர்கள் அகலநாடாவைச் சவர அலகால் வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்து, ஒரு சொல்லின் முதலெழுத்தை எட்டு முறை அடுக்கி ஒலிக்கச் செய்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் பல டசின் வெட்டுகள் உள்ள பகுதிகளை நான் நாடாவை மெதுவாக ஓட்டி எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஆகவே பூட் மிக்ஸில் கேட்ட பாட்டை இணையத்தில் தேடி, 'இது அது மாதிரி இல்லையே' என்று நீங்கள் கலங்க வேண்டாம். அந்தக் கலவை அந்தத் தட்டில் மட்டுமே உண்டு.

குரல் வேறாகத் தோன்றுகிறது என்றீர்கள். இங்கேதான் 'அசல்' என்ற சொல் மிகவும் வழுக்குகிறது. இத்தாலோவில் பாட்டைத் தயாரித்தவர், பாடியவர், அட்டைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் தோன்றியவர் ஆகியோர் பல வேளைகளில் வெவ்வேறு ஆட்கள். டென் ஹாரோ என்ற பெயரே பணம் என்ற பொருளுள்ள 'தெனாரோ' என்ற இத்தாலியச் சொல்லைத் திரித்து, தயாரிப்பாளர்கள் உருவாக்கியது. மேடையில் நின்றவர் ஸ்தெபானோ சாந்த்ரி; பெரும் வெற்றி பெற்ற பாட்டுகளில் ஒலிக்கும் குரல் டொம் ஹூக்கருடையது; அதற்கு முந்திய தட்டுகளில் வேறு சிலரின் குரல்கள். இது பல ஆண்டுகள் மறைக்கப்பட்டு, பின்னர் வெளிப்படையாகவே சண்டையாகி, 2018-இல் ஓர் ஆவணப்படமாகவும் வந்துவிட்டது. வலெரி டோரே என்ற பெயரில் வந்த 1984-ஆம் ஆண்டின் 'த நைட்' பாட்டில் அட்டையில் இருப்பவர் மோனிக்கா ஸ்துக்கி. பாடியவர் நொவெசெந்தோ குழுவின் தோரா கரோஃபிலியோ. பன் பன் என்ற பெண் குழுவின் தொடக்கப் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் இவானா ஸ்பாஞ்ஞா. அவர் பின்னர் 1986-இல் 'ஈஸி லேடி'யின் மூலம் தன் சொந்த முகத்தோடும் பெயரோடும் புகழ் பெற்றார். இவை உறுதியானவை. 1985-இன் 'டார்சான் போய்' பாட்டுக்குரிய பால்டிமோராவின் கதை அவ்வளவு தெளிவானதல்ல. அதன் முகம் வட அயர்லாந்தின் டெரியில் பிறந்த ஜிம்மி மெக்ஷேன். முதன்மைக் குரல் அவருடையதல்ல, இசையமைத்த மவுரிசியோ பாசியுடையதுதான் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. மெக்ஷேன் 1995-இல் காலமாகிவிட்டார். இரண்டு பக்கத்திலும் உறுதியோடு கதைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

பெயர்கள் பாடகர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதற்கு இன்னொரு சான்று கோட்டோ. அந்த வாத்திய இசைத் திட்டத்தை அன்ஃப்ராந்தோ மயோலாவும் ஸ்தெபானோ குந்தாரியும் இத்தாலியில் தொடங்கினார்கள். பிறகு பெயரின் உரிமை மிக்குல்ஸ்கியின் இஸட்-வை-எக்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து, பிந்திய தட்டுகளை நெதர்லாந்தின் மிக்கீல் வான் டெர் கவ் இசைத்தார். ஆகவே ஒரே கோட்டோவின் இரண்டு பாட்டுகள் வேறு வேறு கையாக ஒலித்தால், தவறு உங்கள் காதில் இல்லை. இதையெல்லாம் அறிந்தபின் சிலர் இந்த இசையே பொய் என்று முகம் சுளிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தென்னிந்தியத் திரைப்படங்களில் திரையில் வாயசைப்பவர் ஒருவர், பின்னணி பாடுபவர் இன்னொருவர் என்பதை நாம் குறையாகக் கொள்வதில்லை. ஆனால் அங்கே பாடியவரின் பெயர் தட்டில் இருக்கும், இங்கே இல்லை. தவறு அந்த மறைப்பில்தான் இருக்கிறது. அந்தப் பாடகர்களுக்கு அது உண்மையான அநீதி.

இனி இணையத்தில் நீங்கள் கேட்டது ஏன் வேறாக இருந்தது என்பதைப் பார்ப்போம். நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும், சில நேரம் இரண்டு சேர்ந்திருக்கும். நீளம் மட்டும் குறைந்து மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் அது 7 அங்குலத் தட்டுக்காகச் செய்த வானொலி வடிவம். அதுவும் அந்தக் காலத்து உண்மையான பதிவுதான், வேறு தேவைக்காக வெட்டியது. குரலில் வயது தெரிந்து, தாளம் இன்றைய கணினித் தாளத்தைப் போலக் கனமாக இருந்தால் அது மறுபதிவு. எண்பதுகளின் மூலநாடா நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டதால், பல பாடகர்கள் பிற்காலத்தில் தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி பாடி, மலிவுத் தொகுப்புகளுக்கு அந்தப் புதிய பதிவை விற்றார்கள். அவர்கள் பிழைக்க வேறு வழி குறைவு என்பதால் நான் குறை சொல்லவில்லை, ஆனால் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பாட்டு அதுவே, ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே சத்தமாக முகத்தில் அறைவது போலிருந்தால், புதிதாக ஒலி சீரமைக்கும்போது மெல்லிய பகுதிக்கும் பலத்த பகுதிக்கும் இடையிலிருந்த இடைவெளியை நசுக்கிவிட்டார்கள். நான்காவது காரணம் பலருக்குத் தெரியாதது. சிறு லேபிள்கள் மூடியபோது மூலநாடாக்கள் பல தொலைந்துபோயின. அத்தகைய பாட்டுகளைப் பிற்காலத்து இறுவட்டுகளில், பழைய தட்டை ஓட்டி அதிலிருந்தே பதிவு செய்து போட்டிருக்கிறார்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் பாட்டுத் தொடங்குமுன் மெல்லிய இரைச்சலும் இடையில் சிறு சொடுக்குகளும் கேட்கும். ஓட்டிய சுழல்மேசையின் வேகம் 3 விழுக்காடு தவறியிருந்தால் சுருதி அரைச் சுரத்தில் பாதியளவு நகர்ந்துவிடும். அப்போது குரலும் சற்று வேறாகத் தோன்றக்கூடும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி, நேரத்தை நிமிடம், வினாடி வரை ஒப்பிடுவதும், தட்டையும் கோப்பையும் ஒரே நேரத்தில் தொடங்கி ஓடவிடுவதும்தான். ஒரே பதிவு என்றால் இரண்டும் சற்று நேரம் ஒட்டியே ஓடி, வேக வேறுபாட்டால் மெல்ல விலகும். மறுபதிவு என்றால் முதல் அடியிலேயே தாளக்கட்டு வேறாகிவிடும். இணையத்தில் பாட்டின் கீழே காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது அந்தத் தொகுப்பு மறுபடி வெளிவந்த ஆண்டு. தட்டிலோ இறுவட்டிலோ வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்திட்டு அச்சிட்டிருக்கும் ஆண்டு அந்த ஒலிப்பதிவின் உரிமைக்குரியது. பாட்டுக்குப் பாட்டு அது தனித்தனியாக அச்சிடப்பட்டிருந்தால் தொகுத்தவர்கள் கவனமானவர்கள் என்று கொள்ளலாம். உங்கள் தட்டுகளின் லேபிளில் ஜேர்மன் உரிமைச் சங்கமான 'கெமா'வின் பெயர் இருக்கும். இத்தாலியில் அச்சான தட்டுகளில் எஸ்.ஐ.ஏ.ஈ. என்ற சங்கத்தின் முத்திரையைத் தேட வேண்டும்.

புதிய இறுவட்டு வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் இவற்றுக்குப் பதிலாக அல்ல. இஸட்-வை-எக்ஸ் நிறுவனமே பிற்காலத்தில் தன் இத்தாலோ பாட்டுகளின் நீண்ட வடிவங்களைப் பல தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. உங்கள் தட்டில் கீறல் விழுந்த பாட்டுக்கு அவை நல்ல மாற்று. இன்னொரு வகைத் தொகுப்பும் உண்டு: 2000-ஆம் ஆண்டை ஒட்டி, நெதர்லாந்தின் ஐ-எஃப் என்ற தட்டுச் சுழற்றுநர் 'மிக்ஸ்ட் அப் இன் த ஹேக்' என்ற கலவையின் மூலம், மறக்கப்பட்டிருந்த இத்தாலோ பாட்டுகளை ஒரு புதிய தலைமுறையின் காதுக்குக் கொண்டுபோனார். 2008-இல் ஸ்ட்ரட் நிறுவனம் 'டிஸ்கோ இத்தாலியா'வை வெளியிட்டது. இவை அருமையானவை, ஆனால் இவற்றைத் தேர்ந்த காது வேறு. பின்னாளில் திரும்பிப் பார்த்துத் தொகுத்தவர்கள், குளிர்ந்த, இயந்திரத்தன்மை கூடிய, அன்று அதிகம் விற்காத பாட்டுகளைத் தேடிச் சென்றார்கள். மிக்குல்ஸ்கி, பாடக்கூடிய மெட்டும் அழுகை கலந்த குரலும் உள்ள பாட்டுகளையும் தாராளமாகச் சேர்த்தார். இன்றைய தொகுப்புகளை மட்டும் கேட்பவர், 1985-இல் ஜேர்மனியில் மக்கள் எதற்கு ஆடினார்கள் என்பதைத் தவறாகவே விளங்கிக்கொள்வார். அந்தக் காலத்திலேயே, அந்த மக்களுக்கென்றே தொகுத்த தட்டு என்பதால்தான் உங்கள் பெட்டியை நான் அசல் ஆவணம் என்கிறேன்.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசை அன்று நிறைய அச்சானது, ஆகவே ஒரு தொகுதிக்குப் பெரிய தொகை கிடைக்காது. பெருந்தொகை கேட்கப்படுவது சிறு லேபிள்களின் சில தனித்தட்டுகளுக்குத்தான். உங்களுக்குப் பணம் அவசரமில்லை என்றால் விற்பதில் எந்தப் பயனும் இல்லை. பெட்டி இத்தனை ஆண்டுகளும் கெல்லரில், அதாவது நிலக்கீழறையில், இருந்திருந்தால் அட்டைகளில் பூஞ்சணம் இருக்கும். தட்டுகளை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, முழுவதும் காய்ந்தபின் புதிய உள்ளுறைகளில் இட்டு, நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடத்தினால் அடியில் இருப்பது வளைந்துவிடும். தூசியோடு ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஊசி அந்தத் தூசியைப் பள்ளத்தின் சுவரில் அழுத்திவிட்டால் பிறகு எந்தத் தண்ணீராலும் அது போகாது.

எல்லாவற்றிலும் முதலில் கவனிக்க வேண்டியவை அந்த ஒலிநாடாக்கள். தட்டுகளுக்கு உலகில் வேறு படிகள் உண்டு, அவற்றுக்கு இல்லை. தட்டுகளிலிருந்து தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, தன் வரிசையில் பெரியப்பா பதிந்தவையாக இருக்கலாம், வானொலியிலிருந்து பிடித்தவையாக இருக்கலாம். பாட்டுக்கு நடுவே அவருடைய அறையின் சத்தமோ குரலோகூட அகப்பட்டிருக்கலாம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறி விசையை அழுத்தினாலும் மேலே பதியாது. உள்ளே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித்துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஓட்டாமல் என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுங்கள். இருந்தால், ஒரு முறை முழுவதும் முன்னோக்கிச் சுற்றி, மறுபடி பின்னோக்கிச் சுற்றி, ஒட்டிக்கொண்ட சுற்றுகளைத் தளர்த்திய பிறகு, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் தலையைத் துடைத்த நல்ல கருவியில் ஓடவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்யுங்கள். உறையில் அவர் 'டொல்பி' (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறை) என்று குறித்திருந்தால் அந்த விசையைப் போடுங்கள். குறிக்காவிட்டால் போடாமலே பதியுங்கள், பின்னால் திருத்திக்கொள்ளலாம். பாட்டுகளைத் துண்டுகளாக வெட்டாமல், ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே கோப்பாக வையுங்கள்.